கழகம் யாருடையது? ஆட்டக் கண்காணிப்பின் பழைய வழக்கும் புதிய வழக்கும்

மைசூரு அக்ரஹாரத்திற்குச் சற்றுத் தொலைவில் உள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், அர்த்தசாஸ்திரம் மீண்டும் உலகிற்குக் கிடைத்த இடம். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905இல் அன்றைய அரசு நூலகத்திற்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியை, நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்தார். அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் நூலாயிற்று. வரி, ஒற்று, போர் ஆகியவற்றுக்காகவே பெரிதும் படிக்கப்படும் இந்நூலின் மூன்றாம் அதிகரணத்து இறுதி அத்தியாயம் சூதாட்ட விதிகளைக் கூறுகிறது. கணினி விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள்களைச் சுற்றி இன்று எழுந்துள்ள வழக்கின் பழைய வடிவம் அவ்விதிகளில் உண்டு.

லினக்ஸ் பயன்படுத்துவோர் சிலர், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை ஆடுவதற்காகத் தம் கணினிக்குள் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். 2007இல் லினக்ஸ் கெர்னலில் இணைந்த கேவிஎம் இதற்கு வழிசெய்தது. மெய்நிகர்க் கணினியின் நினைவகத்தை வெளியிலுள்ள லினக்ஸ் படிக்கவும் மாற்றவும் இயலும். உள்ளே இயங்கும் காவல் மென்பொருளால் அதனைக் காண்பது அரிது. ஆகவே, 2020இல் வேலரன்ட் விளையாட்டுடன் வந்த வேன்கார்ட் போன்றவை, ஏமாற்று நிகழ்ந்ததா என்று ஆராய்வதற்கு முன்பே மெய்நிகர்க் கணினியில் ஆட்டத்தை மறுக்கின்றன. அதனைக் கண்டறிவதும் எளிது. செயலியின் சிபியுஐடி கட்டளைக்கு வரும் விடையில் ஒரு பிட் மெய்நிகர்ச் சூழலை அறிவித்துவிடும். அதை மறைத்தாலும், அக்கட்டளை எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் காட்டிக்கொடுக்கும். 2024 அக்டோபர் இறுதியில் அபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸ் ஆட்டக்காரர் அனைவரையுமே விலக்கியது.

கௌடில்யரின் சூதாட்டக் கண்காணிப்பாளரும் இடத்திலிருந்தே தொடங்குகிறார். சூது ஓரிடத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். பிற இடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். மறைவான தொழிலால் பிழைப்போரைக் கண்டறிவதே அதன் நோக்கம் என நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. கவறுகளை வாடகைக்குத் தருபவரும் அவரே. அவர் தந்த கவற்றை மாற்றினால் மீண்டும் 12 பணம். வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அவருக்குச் சேரும். நேர்மை, வருவாய், வேவு ஆகிய மூன்றும் ஒரே அதிகாரியின் கையில் இருந்தன.

திருக்குறளின் சூது அதிகாரத்தில் ‘கழகம்’ என்பது சூதாடும் இடத்தைக் குறிக்கும் சொல். அவ்வழக்கில் சொன்னால், மெய்நிகர்க் கணினி என்பது ஆட்டக்காரர் தம் வீட்டிலேயே கட்டிக்கொண்ட கழகம். நிறுவனத்தின் அச்சம் பொய்யன்று: கழகம் பிறருடையதாயின் கவற்றின் நேர்மைக்கு உறுதியில்லை. ஆனால் இன்றைய கழகம் அரசு மண்டபமன்று. ஆட்டக்காரரின் கடிதங்களும் கணக்குகளும் ஆய்வேடும் இருக்கும் அதே இயந்திரம். அதன் கெர்னலுக்குள் காவலரை அமர்த்துவது, மண்டபத்தைக் காப்பதற்காக வீட்டின் திறவுகோலைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் பழைய நூலின் இரு விதிகள் கருதத்தக்கவை. சூதாட்ட வழக்குகளில் தோற்றவருக்கே மிகுதியான தண்டம் என்பது முந்தைய ஆசிரியர் கருத்து. கௌடில்யர் அதை மறுக்கிறார்: அவ்வாறாயின் எவரும் அரசனிடம் முறையிட வரமாட்டார். சூதாடிகள் பெரும்பாலும் வஞ்சகரே என்று கருதிய அவரே முறையீட்டின் வாயிலைத் திறந்து வைத்தார். இரண்டாவது விதி, வஞ்சத்தைத் தடுக்கத் தவறும் கண்காணிப்பாளருக்கு வஞ்சகர் செலுத்துவதைப் போல் இருமடங்கு தண்டம் என்பது. அதிகாரமும் பொறுப்பும் அங்கே ஒரே அத்தியாயத்தில் வகுக்கப்பட்டன.

ஆகவே இவ்வழக்கை, நிறுவனத்திற்குக் கண்காணிக்கும் உரிமை உண்டா என்பதோடு நிறுத்திவிடுதல் போதாது. ஏமாற்றாமலேயே விலக்கப்பட்ட லினக்ஸ் பயனர் யாரிடம் முறையிடுவது, தவறிய காவலருக்கு யார் தண்டம் விதிப்பது என்பனவும் அதனுடன் சேர்த்து விடை காணவேண்டிய வினாக்கள்.