லசிடிமோனியர் என்போர் யாவர்?

பழைய கிரேக்க நாட்டின் வரலாற்றிலே ஸ்பார்ட்டா என்னும் நகரின் பெயரை அறியாதார் மிகச் சிலரே. ஆயினும், உடன்படிக்கைகளிலே அவ்வரசு தன்னைக் குறித்த பெயர் அதுவன்று. 'லசிடிமோனியர்' என்பதே அதன் பெயர். 'ஸ்பார்ட்டியர்' என்பது அதனினும் குறுகிய பொருளுடைய வேறொரு சொல். இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் அச்சமுதாயத்தின் உள்ளமைப்பைக் காணத் தவறுவர்.

ஸ்பார்ட்டியர் என்போர் முழுக் குடியுரிமை பெற்றோர். ஏழாம் வயது முதல் அரசின் பயிற்சியிலே வளர்ந்து, பொது உணவுக் கூடத்துக்குத் தம் பங்கைச் செலுத்தி வந்தோரே அவ்வுரிமைக்கு உரியர். அவர்கள் தம்மை 'ஒத்தோர்' என்றும் அழைத்துக்கொண்டனர். அயலூர்களில் வாழ்ந்த 'சுற்றுவாழ்நர்' போர்க்களத்திலே அவர்களோடு நின்றனர். எனினும், ஸ்பார்ட்டாவின் மன்றத்திலே அவர்களுக்கு இடமில்லை. லசிடிமோனியர் என்னும் பெயர் இவ்விரு சாராரையும் தழுவியது. நிலத்தை உழுது அனைவருக்கும் உணவளித்த எலொத்து அடிமைகளுக்கோ இவ்விரு பெயர்களும் உரியனவல்ல.

கி. மு. 479இல் பிளாட்டேயாப் போருக்குச் சென்ற லசிடிமோனியர் 10,000 பேர் என்றும், அவருட் பாதியினரே ஸ்பார்ட்டியர் என்றும், எலொத்துகள் 35,000 பேர் உடன்சென்றனர் என்றும் ஹெரொடோட்டஸ் எழுதியுள்ளார்.

உணவுக் கூடத்துக்குப் பங்கு செலுத்த இயலாத வறியவர் உரிமையிழந்தமையும் போர்களில் நேர்ந்த இழப்பும் ஸ்பார்ட்டியர் தொகையைக் குறைத்தன. கி. மு. 398ஆம் ஆண்டளவில், ஒத்தோருள் ஒருவனாக எண்ணப்படாத கினடன் என்னும் இளைஞன் ஒரு சதியைத் தொடங்கினான். அவன் ஒருவனைச் சந்தைக்கு அழைத்துச்சென்று, அங்குள்ள ஸ்பார்ட்டியரை எண்ணுமாறு பணித்தான் என்று செனபன் கூறுகிறார். அவர்கள் ஏறத்தாழ 40 பேர். ஏனையோரோ 4,000க்கும் மேற்பட்டோர். முன்னவரைப் பகைவராகவும் பின்னவரைத் துணைவராகவும் கொள்க என்றான் கினடன். பிடிபட்டபின், சதிக்குக் காரணம் வினவப்பட்டபோது, லசிடிமோனிலே எவருக்கும் தாழ்ந்தவனாக இருத்தலாகாது என்பதே தன் நோக்கம் என விடையிறுத்தான். அவனும் அவன் கூட்டாளிகளும் தண்டிக்கப்பட்டனர்.

கி. மு. 371இல் லியூக்ட்ராப் போர்க்களத்திலே நின்ற ஸ்பார்ட்டியர் ஏறத்தாழ 700 பேருள் 400 பேர் மாண்டனர். அடுத்த சில ஆண்டுகளுள் மெசேனியா விடுதலை பெற்றது. அங்கிருந்த எலொத்துகள் மெசேனியர் என்னும் பெயரோடு தமக்கென ஒரு நகரை உடையராயினர்.

போருக்கு அழைக்கும்போது விரிந்தும், உரிமை வழங்கும்போது சுருங்கியும் நின்றது அந்நாட்டவரின் பெயர். அச்சுருக்கமே அந்நாட்டின் வலிமையையும் சுருங்கச் செய்தது.