துலா: தூக்கிறதும் நிறுக்கிறதும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில நிண்டு ‘ஏற்றம்’ எண்டு சொல்லிப் பாருங்கோ, பழைய ஆக்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பினம். எங்களுக்கு அது துலா. ஆடுகாலில் ஏறி இறங்குகிற நீள மரம், அதன் நுனியில் கொடி, கொடியில் பனையோலைப் பட்டை. தோட்டத்து இறைப்பெண்டால் மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து துலா மிதிக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலுக்குள் ஊற்றுவார்.

ஏற்றம் நேரடியான தமிழ்: நீரை ஏற்றுவதால் ஏற்றம். மதுரைக்காஞ்சியிலேயே ஏற்றம், ஆம்பி, கிழார் என்று இறைக்கும் கருவிகள் வருகின்றன. துலா வடமொழி வழி வந்தது. அங்கே அதற்குத் தராசு என்று பொருள். துலாம் ராசி, துலாபாரம் எல்லாம் அதே சொல்தான். அதன் வேருக்குத் தூக்குதல், நிறுத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. (எங்கட ‘தூக்கு’ என்ற சொல்லுக்கும் அப்படியே!) நடுவில் தாங்கு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதற்கு ஈடான பாரம். தராசு ஞாபகம் வந்ததில் அதிசயமில்லை.

மூன்றாவது பெயர்தான் விசித்திரம். மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயர் இதைப் ‘பிக்கோட்டா’ என்று எழுதினார்கள். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். கப்பலில் நீர் இறைக்கும் பம்பின் கைபிடிக்கு அந்தப் பெயர். குற்றவாளிகளைக் கட்டிவைக்கும் கம்பத்துக்கும் அதே பெயர்தான்.

தராசு என்று பெயர் வைத்தாலும் எங்கட கிணற்றடிகள் ஒருநாளும் சமமாக நிக்கேல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் துலாக்கொடியைத் தொடக் கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே ஒரு நாவல் எழுதினார்.

பிறகு பம்பு வந்தது, துலாக்கள் விறகாகின. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் போக, எங்கட ஊரில் சிலர் திரும்பவும் ஆடுகால் நட்டார்களாம். அம்மம்மா அதைச் சந்தோசமாத்தான் சொன்னா.

“மிதிச்சது ஆர் அம்மம்மா? தோட்டம் ஆற்ற?” எண்டு கேட்டன்.

“தேத்தண்ணி ஆறுது, குடி” எண்டா.