பாட்டனார் விரித்த பாய்

 



மக்தப் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசு வழங்கும் நாளில், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் முகங்களை நான் கவனிப்பதுண்டு. பிள்ளையின் தந்தை திருப்பூரிலோ, பெங்களூரிலோ, வளைகுடா நாட்டிலோ பணியில் இருப்பார். தாயார் கைக்குழந்தையோடு பின்னால் நிற்பார். முன்னால் அமர்ந்து, பிள்ளை ஓதும்போது தானும் உதடசைத்துக் கண் கலங்குபவர் அந்தப் பிள்ளையின் நன்னாவாகவோ தாதாவாகவோ இருப்பார். தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த நமது தொண்டாமுத்தூர்ப் பகுதியில் அண்டை வீட்டார் அவரை அப்பாரு என்பர், அப்புச்சி என்பர். அழைக்கும் சொல் வேறு, மடி ஒன்றே.

தமிழில் பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஆனால் பாட்டன் பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்வது பெயர் மட்டும்தானா? சொத்து மட்டும்தானா? வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கஃபாவின் நிழலில் ஒரு விரிப்பு

மக்கத்துக் குறைஷிகளின் தலைவர் அப்துல் முத்தலிப். இவரே தந்தை முகம் அறியாது வளர்ந்தவர். தந்தை ஹாஷிம் வணிகப் பயணத்தில் காஸாவில் காலமாகிவிட, மதீனாவில் (அன்றைய யத்ரிபில்) தாய் வீட்டில் வளர்ந்து, பின்னர் சிறிய தந்தை முத்தலிபால் மக்காவுக்கு அழைத்து வரப்பட்டவர். அவருடைய அன்பு மகன் அப்துல்லாஹ்வும், தமது குழந்தை பிறக்கும் முன்பே மறைந்தார். கி.பி. 570-ஐ ஒட்டிய யானை ஆண்டில் அந்தக் குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஓடோடி வந்த பாட்டனார், குழந்தையைக் கையில் ஏந்திக் கஃபாவுக்குள் சென்று இறைவனுக்கு நன்றி செலுத்தினார். ஏழாம் நாள் விருந்தளித்து முஹம்மது என்று பெயர் சூட்டினார் என்றும், முன்னோரின் பெயர்களை விட்டுவிட்டு இப்பெயரைத் தேர்ந்தது ஏன் என்று விருந்தினர் வியந்து கேட்டனர் என்றும் அறிவிப்புகள் உள்ளன.

ஆறு வயதில் அன்னை ஆமினாவும் அப்வா என்னுமிடத்தில் காலமானார். உம்மு அய்மன் அவர்கள் பிள்ளையை மக்காவுக்கு அழைத்து வந்தார். அன்று முதல் பாட்டனாரே தாயும் தந்தையும் ஆனார்.

கஃபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென்று ஒரு விரிப்பு விரிக்கப்படும். அவருடைய புதல்வர்கள் மரியாதை கருதி அதைச் சுற்றி அமர்வார்களேயன்றி, அதன்மீது அமர மாட்டார்கள். சிறுவராயிருந்த நபியவர்கள் நேரே வந்து அதில் அமர்ந்துகொள்வார்கள். சிறிய தந்தையர் அப்புறப்படுத்த முனையும்போது பாட்டனார் தடுப்பார். இப்பிள்ளைக்குப் பெரும் நிலை உண்டு என்று கூறித் தம் அருகிலேயே இருத்தி முதுகைத் தடவிக் கொடுப்பார். நபி வரலாற்றைத் தொகுத்த இப்னு ஹிஷாம் இக்காட்சியைப் பதிவு செய்திருக்கிறார்.

ஊர்த் தலைவர்கள் கூடும் சபையில், தாயும் தந்தையும் இல்லாத ஒரு சிறுவனுக்கு இடம் கிடைத்தது. அந்த விரிப்பின் அகலம் சிறிதுதான். ஆனால் தான் யாருக்கும் பாரமல்லன் என்ற உணர்வை அது அந்தப் பிள்ளைக்கு அளித்தது. நபியவர்களுக்கு எட்டு வயதானபோது அப்துல் முத்தலிப் மரணமடைந்தார். அதற்கு முன்பே பேரரைத் தம் மகன் அபூதாலிபிடம் ஒப்படைத்துச் சென்றார். தமக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை வைத்துவிட்டே கண் மூடினார்.

மிம்பரிலிருந்து இறங்கிய பாட்டனார்

அந்தச் சிறுவரே பின்னாளில் பாட்டனாரானார்கள். ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) ரமளானில் ஹஸன் (ரழி) அவர்களும், அடுத்த ஆண்டு ஷஃபானில் ஹுஸைன் (ரழி) அவர்களும் பிறந்தனர். ஹஸனுக்கு அலீ (ரழி) அவர்கள் முதலில் வைக்க விரும்பிய பெயர் ஹர்ப். போர் என்பது அதன் பொருள். பாட்டனார் அதை மாற்றி, அழகு எனப் பொருள்படும் ஹஸன் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆடு அறுத்து அகீகா கொடுத்தார்கள். குழந்தையின் தலைமுடியை மழித்து, அதன் எடைக்குச் சமமான வெள்ளியை ஏழைகளுக்குத் தருமாறு ஃபாத்திமா (ரழி) அவர்களிடம் கூறினார்கள். எடை போட்டுப் பார்த்தபோது அது ஒரு திர்ஹம் அளவோ அதற்கும் குறைவோ இருந்ததாகத் திர்மிதீயில் வருகிறது. ஒரு திர்ஹம் என்பது ஏறத்தாழ 3 கிராம் வெள்ளி!

அகில உலகத்தின் தலைவருடைய பேரரின் பெயர் சூட்டு விழாவில், ஓர் ஏழையின் கைக்குச் சென்ற அந்த 3 கிராம் வெள்ளியும் இடம்பெற்றது. இன்று கடன் வாங்கி மண்டபம் பிடித்து, பந்தலுக்கும் பதாகைக்கும் செலவழிக்கும் நாம் இந்த எடையை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் நபியவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை அணிந்த பேரர்கள் இருவரும் தட்டுத் தடுமாறி நடந்து வந்தனர். உரையை நிறுத்தி, மிம்பரிலிருந்து இறங்கி, இருவரையும் தூக்கி வந்து முன்னால் அமர்த்திக்கொண்ட பிறகே உரையைத் தொடர்ந்தார்கள். மகள் ஸைனப் (ரழி) அவர்களின் பெண் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தவாறே மக்களுக்குத் தொழ வைத்தார்கள். சுஜூதுக்குச் செல்கையில் இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். நஜ்ஜாஷி மன்னர் அனுப்பிய அணிகலன்களில் ஒரு மோதிரத்தை அந்தப் பேத்திக்கே அளித்தார்கள். பெண் குழந்தை பிறந்தால் முகம் கறுத்த ஒரு சமுதாயத்தின் நடுவே, பள்ளிவாசலின் முதல் வரிசைக்கும் முன்னால், ஒரு பேத்தி பாட்டனாரின் தோளில் இருந்தாள் என்பதைப் பேரன் பேத்தி என்று வேறுபாடு காட்டுவோர் சிந்திக்கட்டும்.

எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர் சொன்னது, நபியவர்கள் பேரர் ஹஸனை முத்தமிடுவதைக் கண்டபோதுதான். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்ற கருத்தில் அவருக்குப் பதில் கிடைத்தது.

ஏழரை ஆண்டுகளின் சேமிப்பு

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். நபியவர்கள் தம் பாட்டனாரை இழந்தபோது அவர்களுக்கு வயது எட்டு. ஹிஜ்ரி 11-இல் (கி.பி. 632) நபியவர்கள் மறைந்தபோது ஹஸன் (ரழி) அவர்களுக்கு வயது ஏறத்தாழ ஏழரை. இரு தலைமுறைகளிலும் பாட்டனாருக்கும் பேரருக்கும் கிடைத்த காலம் இவ்வளவே. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம் கழித்துவிடும் காலமும் இதுவே.

ஹஸன் (ரழி) அவர்கள் வளர்ந்த பின்னர், நபியவர்களிடமிருந்து நீங்கள் நினைவில் வைத்திருப்பது என்ன என்று ஒருவர் கேட்டார். அவர்கள் சொன்னவை பின்வருமாறு: ஸதகாவாக வந்த பேரீச்சம் பழங்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன், பாட்டனார் அதை எச்சிலோடு வெளியே எடுத்து, குவியலிலேயே போட்டுவிட்டார்கள். சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதன் பக்கம் செல்லுமாறு கற்பித்தார்கள். ஒரு துஆவையும் கற்றுக் கொடுத்தார்கள். வித்ரு தொழுகையின் குனூத்தாக அந்த துஆ இன்றும் உலகெங்கும் ஓதப்படுகிறது.

மடியில் வைத்துக் கொஞ்சிய அதே பாட்டனார்தாம், உரிமையில்லாத ஒரு பழத்தை வாயிலிருந்து எடுத்தவரும். அன்பு இருந்ததால் அந்தக் கண்டிப்பு காயமாகவில்லை, நினைவாக நிலைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி. மிம்பரில் ஹஸனை அருகில் வைத்துக்கொண்டு, மக்களையும் பேரரையும் மாறி மாறிப் பார்த்தவர்களாக, இவர் ஒரு தலைவர்; இவர் மூலம் முஸ்லிம்களின் இரு பெரும் அணிகளுக்கிடையே அல்லாஹ் சமாதானம் ஏற்படுத்தக்கூடும் என்ற கருத்தில் நபியவர்கள் அறிவித்தார்கள். ஹிஜ்ரி 41-இல் (கி.பி. 661) இரு படைகள் எதிரெதிரே நின்றபோது, ஹஸன் (ரழி) அவர்கள் ஆட்சியையே விட்டுக்கொடுத்து உதிரம் சிந்தாமல் தடுத்தார்கள். சபை நடுவே பிள்ளையைப் பற்றி நாம் சொல்லும் சொல் வீணாவதில்லை. உதவாக்கரை என்று பத்துப் பேர் முன்னிலையில் பேரனைச் சொல்லும் வாய்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குபாவில் ஒரு வழக்கு

பாட்டனாரின் சிறப்பைச் சொல்லிப் பாட்டியாரை விட்டுவிடலாகாது. உமர் (ரழி) அவர்கள் மதீனத்துப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்ற மகன் பிறந்த பின் மணவிலக்கு ஏற்பட்டது. ஒருநாள் குபாவுக்குச் சென்ற உமர் (ரழி) அவர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடுவதைக் கண்டு, கையைப் பிடித்துத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். விரைந்து வந்த தாய்வழிப் பாட்டியார் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்களிடம் சென்றது. பிள்ளையைப் பாட்டியாரிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பு வந்தது. எவருக்கும் அஞ்சாத உமர் (ரழி) அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை என்று இமாம் மாலிக் தமது முவத்தாவில் பதிவு செய்கிறார். அந்த ஆஸிமின் மகள் வயிற்றுப் பேரரே, நீதிக்குப் பெயர் பெற்ற கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி: கி.பி. 717–720)!

மற்றொரு பாட்டியார் தமது பேரப்பிள்ளையின் சொத்தில் பங்கு கேட்டு அபூபக்ர் (ரழி) அவர்களிடம் வந்தார். நபியவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு அளித்ததாக முகீரா (ரழி) அவர்கள் சாட்சி கூற, முஹம்மது இப்னு மஸ்லமா (ரழி) அவர்களும் அதை உறுதி செய்தபின் அவ்வாறே வழங்கப்பட்டது.

நமது தமிழகத்திலும் ஒரு பாட்டியார் உண்டு. கொங்கு நாடும் நெடுங்காலம் உட்பட்டிருந்த மதுரை நாயக்கர் அரசில், 1689-இல் இளம் மன்னர் முத்துவீரப்பர் பெரியம்மையால் மாண்டார். கருவுற்றிருந்த அவர் மனைவியும் மகவைப் பெற்றபின் மறைந்தார். மன்னரின் தாயார் ராணி மங்கம்மாள், கைக்குழந்தையான பேரனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஏறத்தாழ 17 ஆண்டுகள் நாட்டைக் காத்தார். தென் மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மகனை இழந்த துயரோடு பேரனைச் சுமந்த தாய்மை எல்லா மதத்தாருக்கும் பொதுவானது.

நம் வீடுகளில்

அன்பர்களே! இவ்வரலாறுகள் நம்மிடம் கேட்பது என்ன?

ஓர் ஊரில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். வாலிப வயதில் ஒருவர் காலமானார். மூன்று பிள்ளைகள். அவர்களின் பாட்டனார் மார்பிலும் தோளிலும் போட்டு வளர்த்தார். பெருநாள் தொழுகைக்கு மூவரையும் கைப்பிடித்து அழைத்து வருவார். ஆனால் எதையும் எழுதி வைக்காமலேயே ஒருநாள் அவரும் சென்றுவிட்டார். மற்ற மகன்கள் உயிரோடிருக்க, இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமைச் சட்டப்படி பங்கில்லை. நேற்றுவரை தங்கள் வீடாக இருந்த வீட்டின் திண்ணையில் அந்தப் பிள்ளைகள் விருந்தாளிகளைப் போல் நின்றதை நான் கண்டேன்.

ஷரீஅத் இவர்களைக் கைவிட்டதா? இல்லை. வாரிசு அல்லாதோருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யப் பாட்டனாருக்கு அது அனுமதி தந்துள்ளது. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கவும் வழி உண்டு. எகிப்து 1946-இல் இத்தகைய வஸிய்யத்தைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது; பாகிஸ்தான் 1961-இல் வேறு வழியில் பேரர்களுக்குப் பங்களித்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே பாட்டனாரின் கையெழுத்தே அந்தப் பிள்ளைகளுக்குக் கவசம். அப்துல் முத்தலிப் கண் மூடுமுன் அபூதாலிபை நியமித்ததை மீண்டும் நினைவுகூருங்கள். யத்தீமான பேரப்பிள்ளை உள்ள பெரியவர்கள், ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் கலந்து இந்த ஆண்டே எழுதி வையுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பாட்டன் பாட்டியரைப் பராமரிக்கும் பொறுப்பை வயது வந்த பேரப்பிள்ளைகள் மீதும் வைத்திருக்கிறது. சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல. அலைபேசித் திரையில் முகம் காட்டுவது நல்லதே. ஆனால் திரையில் முதுகைத் தடவிக் கொடுக்க முடியாது. பெருநாளுக்கும் நிகாஹுக்கும் மட்டுமின்றி, காரணமின்றியும் பிள்ளைகளை ஊருக்கு அழைத்து வாருங்கள். பெரியவர்களே! வரும் பிள்ளைக்கு மிட்டாயோடு ஒரு துஆவையும் கொடுத்தனுப்புங்கள்.

பள்ளிவாசலுக்குள் ஓடிவரும் சிறுவர்களை அதட்டும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்களை விரட்டாதீர்கள், அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கஃபாவின் நிழலில் விரிக்கப்பட்ட அந்த விரிப்பு இன்று நம் பாய்களில் நீண்டு கிடக்கிறது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் முதியோருக்கு ஆரோக்கியத்தையும், நம் பேரப்பிள்ளைகளைக் கண் குளிரக் காணும் பாக்கியத்தையும், நம் யத்தீம்களுக்கு நிழலையும் தந்தருள்வானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!