தபாலில் போன உடம்புகள்

1874-இல் லண்டன் போலீஸார் ஹென்றி ஹெய்லர் என்ற புகைப்படக்காரரின் இடத்தைச் சோதனை போட்டு 1,30,248 ஆபாசப் படங்களைக் கைப்பற்றினார்கள். ஆள் முன்னமே தப்பிவிட்டார். அதே லண்டனில், 1868 முதல் 1875 வரை, 'இந்திய மக்கள்' என்ற புகைப்பட நூல் அரசு ஆதரவோடு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்துகொண்டிருந்தது. சாதிவாரியாக, இனவாரியாக நம் மக்களைப் பிடித்து அடுக்கிய நூல் அது. அரையாடையில் நின்ற பழங்குடியினரும் அதில் உண்டு. வெள்ளைப் பெண்ணின் உடம்பு குற்றம். நம் பெண்ணின் உடம்பு தகவல்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் இந்தத் தகவல் விற்பனைச் சரக்காயிற்று. சென்னையில் வீலே அண்ட் கிளைன் ஸ்டூடியோவும் ஹிக்கின்பாதம்ஸும் படத் தபாலட்டைகள் வெளியிட்ட காலம். கோயில், கடற்கரை, மாட்டுவண்டி இவற்றோடு 'நாட்டியப் பெண்', 'மலபார்ப் பெண்' என்று பெண்களும் அட்டையானார்கள். மார்பு மறைக்காத பெண்களின் படங்களும் அரசனின் தலை பொறித்த தபால்தலையோடு கடல் கடந்தன. படத்தின் கீழே சாதி இருக்கும், ஊர் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது.

மலபாரில் மேலாடையின்றி இருப்பது அன்று காமத்தின் அடையாளம் அல்ல, அன்றாட வழக்கம். பல சாதிகளுக்கு அது கட்டாயமும்கூட. தெற்கே திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820-களிலிருந்து அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859-இல் அரச அறிவிப்பு வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. சாதி உரித்த துணியைக் கேமரா காட்சியாக்கியது. ஒரே உடம்பு ஊரில் அடிமைத்தனம், அருங்காட்சியகத்தில் அறிவியல், தபாலட்டையில் கிளுகிளுப்பு.

என் ஊர் சின்னாளப்பட்டி. சுங்குடிக்குப் பேர்போன ஊர். துணி எப்படி விழும், எங்கே மடியும், எங்கே நிற்கும் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் கண்ணோடு ஸ்டூடியோவில் எடுத்த படங்களைப் பார்க்கிறேன். நழுவியிருக்கும் முந்தானை தானாக நழுவியதல்ல. யாரோ எடுத்து வைத்தது. மடிப்பே அதைச் சொல்லிவிடுகிறது. அல்ஜீரியப் பெண்களின் தபாலட்டைகளை ஆராய்ந்த மாலெக் அலூலா 1981-இல் எழுதிய நூலிலும் இதையே காண்கிறோம். பிரெஞ்சுக்காரர்களின் கேமரா அந்தப்புரத்துக்குள் நுழைய முடியவில்லை. எனவே கூலிக்குப் பெண்களை வரவழைத்து, ஸ்டூடியோவிலேயே ஓர் அந்தப்புரத்தைக் கட்டிக்கொண்டது. படத்தில் தெரிவது அவளுடைய ஆசை அல்ல, வாங்குபவனுடையது.

அப்படியானால் பெண் தன் ஆசையைத் தானே சொன்னபோது என்ன நடந்தது? பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற கணிகை, 'ராதிகா சாந்தவனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். பெண்ணின் இச்சையைக் கூச்சமில்லாமல் பேசும் நூல். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று பிரதிகள் பறிமுதலாயின. தடை நீங்க 1947 ஆயிற்று. தேவதாசியின் படத்தை ஒருவன் விற்கலாம். தேவதாசியின் கவிதையை இன்னொரு தேவதாசி அச்சிடக் கூடாது. அந்தக் காலத்தை உறுத்தியது நிர்வாணம் அல்ல, பெயரோடு பேசிய பெண்.

நாட்டியப் பெண்கள் ஆடும் விழாக்களுக்குப் போகாதீர்கள் என்று 1893-இல் வைஸ்ராய்க்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் போட்டவர்களும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. விற்றவனுக்கு அவள் பண்டம், திருத்த வந்தவனுக்கு அவள் களங்கம்.

வகுப்பில் இதைப் பேசும்போதெல்லாம் மாணவிகளின் கை அவரவர் செல்போனுக்குப் போகிறது. ஒரு படம் வெளியே போய்விட்டால் எடுத்தவன், அனுப்பியவன், பார்த்தவன் எல்லோரும் தப்பிக்கொள்ள, படத்தில் இருப்பவள் படிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நூறாண்டுக்கு முந்தைய தபாலட்டையின் கணக்கும் இதுதான்.

அந்தப் பழைய அட்டைகள் இன்று சேகரிப்பாளர்களிடம் விலை போகின்றன. இந்தக் கட்டுரையோடு அவற்றில் ஒன்றைக்கூட அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்களிடம் அன்றும் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று கேட்கவும் வழியில்லை. அவர்களைப் பற்றிப் பேச அவர்களை மறுபடி காட்ட வேண்டியதில்லை.