கிராம முன்சீப் நீதிமன்றம்
சென்னை மாகாணத்தில் வரி வசூலித்த மணியக்காரரே முன்சீப்பாக இருந்து ஊர் வழக்கையும் தீர்த்த முறை. 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி வசமான சேலம் சீமையில், அதை நிர்வகித்த ரீடின் உதவியாளராக வருவாய்ப் பணி பழகிய தாமஸ் மன்றோவின் பரிந்துரையால், 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதை நிறுவின. வெண்ணந்தூர் போன்ற அன்றைய சேலம் மாவட்ட ஊர்களில் பத்து ரூபாய் வரையான கடன் வழக்கு அவரிடமே முடிந்தது. வசவு, கைகலப்பு போன்றவற்றுக்குச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ‘கீழ்ச்சாதி’ எனப்பட்டோரைத் தொழுக்கட்டையிலும் (கால்களைப் பூட்டும் மரச்சட்டம்) மாட்ட முடிந்தது. சாதிக்கேற்பத் தண்டனை என்பதைச் சட்டமே எழுதிவைத்தது பெருங்கொடுமை. 1889ஆம் ஆண்டு 1ஆம் சட்டம் உரிமையியல் வரம்பை இருபது ரூபாயாக்கியது. 1920இல் தேர்தல்வழிப் பஞ்சாயத்து நீதிமன்றங்கள் வந்தன. கிராம முன்சீப் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது.