நெய்யூரில் தெளிந்த உண்மை

விருந்துக்கும் விவாகத்துக்கும் மங்கலப் பொருளாய் நம் முன்னோர் போற்றிய தாம்பூலத்தோடு, போர்த்துக்கீசியர் கொணர்ந்த புகையிலையும் காலப்போக்கில் சேர்ந்துகொண்டதே நம் ஜனங்களுக்கு நேர்ந்த பெருந்தீங்கு என்பேன். அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், 1838-இல் தொடங்கிய லண்டன் மிஷன் வைத்தியசாலைக்கு, கன்னத்திலும் நாவிலும் புற்று கண்ட ஏழைகள் ஏராளமாக வந்தனர். எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற சாமர்வெல் சத்திர சிகிச்சை புரிந்த அவ்விடத்திலேயே, ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், நோயாளிகளின் நித்தியப் பழக்கங்களைப் பொறுமையுடன் விசாரித்து, வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் வழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை 1933-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். கத்தியை மட்டும் நம்பாது, வாழ்க்கை முறையையும் ஆராய்ந்த அந்த மனோபாவம் வணங்கத்தக்கது.

புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் தீர்மானித்தது.

வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைத்தால், அன்பர்களே, தாமதியாது மருத்துவரிடம் காட்டுங்கள்.