மூன்று கைகள், மூன்று கிட்டார் பாணிகள்



வழக்கம்போல இன்றும் கொஞ்சம் வரலாறு. இந்த முறை அரசர்கள் இல்லை, போர்கள் இல்லை. கிட்டார் பிடித்த மூன்று இடர்ப்பட்ட கைகளின் கதை.

முதலில் ஒரு சின்னப் பாடம். பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது கார்டு. சி மேஜர் என்றால் சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்கள். அவற்றை ஆறு கம்பிகளில் எங்கே வைப்பது, எதை இரண்டு முறை ஒலிப்பது, எதை விட்டுவிடுவது என்ற அடுக்குமுறைக்கு வாய்சிங் என்று பெயர். அடுக்கு மாறினால் அதே கார்டின் நிறமே மாறிவிடும்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910இல் பெல்ஜியத்தில் ஒரு ரோமானி நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் பாரிஸ் அருகே அவர்கள் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள்தான் தீயை வளர்த்தன. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. தம்பி ஒரு கிட்டாரைக் கொண்டு வந்து கொடுத்தார். மீதி இரண்டு விரல்களாலேயே தனி வாசிப்பை ஓடவிடப் பழகினார் ஜாங்கோ. ஆறு கம்பிகளையும் பிடிக்கும் பெரிய கார்டுகளுக்குப் பதில் சில கம்பிகளில் அடங்கும் சிறிய அடுக்குகளைக் கண்டுகொண்டார். மடங்கிய விரல்களைக்கூட மேல் சுரக் கம்பிகளில் ஓரளவு பயன்படுத்தினார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டீபன் கிராப்பெல்லியுடன் பாரிஸில் ஒரு ஐவர் குழுவை அமைத்தார். அதில் டிரம் கிடையாது. தாளத்தையும் கிட்டார்களே தூக்கிச் சென்றன. இன்று ஜிப்ஸி ஜாஸ் என்று உலகமே கற்கும் பாணி இதிலிருந்து வந்தது.

அடுத்தவர் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த டோனி ஐயோமி. 1965இல், 17 வயதில், தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கக்காரர், ஆகவே கம்பியை அழுத்துவது வலது கை. சோர்ந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். அது ஜாங்கோவின் வாசிப்பு! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார் ஐயோமி. மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். மூலச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள பவர் கார்டு அவர் கைக்கு வசதியாக இருந்தது. ஒலிபெருக்கியில் ஒலியை முரடாக்கும்போது சுரங்கள் கூடினால் குழம்பும். இரண்டே சுரங்கள் தெளிவாக இடிக்கும். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலி அப்படிப் பிறந்தது.

மூன்றாமவர் கனடாவின் ஜோனி மிட்செல். சிறு வயதில், ஒன்பதில், வந்த போலியோ இடது கையைப் பலவீனமாக்கியது. கடினமான பிடிகள் வரவில்லை. ஆகவே கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். எளிய பிடியிலேயே புதுப்புது அடுக்குகள் ஒலித்தன. அவர் பயன்படுத்திய சுருதி அமைப்புகள் ஐம்பதுக்கும் மேல். அவருடைய புகழ்பெற்ற 'ப்ளூ' ஆல்பம் 1971இல் வந்தது.

ஒருவர் சுரங்களைக் குறைத்தார், ஒருவர் கம்பியைத் தளர்த்தினார், ஒருவர் சுருதியை மாற்றினார். கருவிக்குக் கை பொருந்தாதபோது மூவரும் கருவியைக் கைக்குப் பொருத்தினார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் உறவில் ஒரு பெண் குழந்தை, எஃப் கார்டு பிடிக்க வரவில்லை என்று கிட்டார் வகுப்பை விட்டுவிட்டாளாம். "உன் விரலுக்கு இது வராது" என்று யாரோ சொன்னார்களாம். கண்ணு, ஆறு கம்பியும் வேண்டாம். எஃப், ஏ, சி மூன்றும் மூன்று கம்பிகளிலேயே அடங்கும். அதுவும் முழு எஃப் மேஜர்தான்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைக்கு வராததைக் குறிப்பேட்டில் எழுதும் முன், அதே விடைக்கு இன்னொரு பிடி உண்டா என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்